பத்தி நான்கு: அமைப்பின் வரலாறு

நானூறு சொற்களுக்குள் எழுதச் சொல்கிறது படிவம்.
மான்செஸ்டரில் மழை. அதை எழுத வேண்டாம்,
நிதி தருபவர்களுக்கே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, பிப்ரவரி.
ஓல்டமில் ஒரு நாடகம் நான்காம் நாளே நின்றது.
தயாரிப்பாளர் வேனோடு போய்விட்டார்.
வேனுக்குள் உடைகள், உடைகளின் பைகளில்
இரண்டு பேருடைய வீட்டுச் சாவிகள்.
மிஞ்சிய ஒன்பது பேர் ஆன்கோட்ஸில்
கம்பளக் கிடங்குக்கு மேலே ஓர் அறை பிடித்தார்கள்.
வாடகை வாரம் ஆறு பவுண்டு.
இதுவரை படிவத்துக்குப் பொருந்தும்.

இந்த நாட்டில் வேலையில்லாத நடிகரை
‘ஓய்வில் இருக்கிறார்’ என்பார்கள்.
ஓய்வில் இருந்தவர்கள் பால் வண்டி ஓட்டினார்கள்,
பிணவறையில் தரை துடைத்தார்கள்,
கிறிஸ்துமஸுக்குப் பொம்மைக் கடை வாசலில்
கரடித் தோலுக்குள் வியர்த்தார்கள்.
திங்கள் காலை பத்து மணிக்கு
மாடியேறி வந்து நடிகர்களாக இருந்தார்கள்.

மோரீன் ஹெஸ்கெத் கொண்டுவந்த பயிற்சி ஒன்றே ஒன்று:
வெளியே போ. கதவைத் திறந்து உள்ளே வா.
ராணியாக அல்ல, விதவையாக அல்ல,
தந்தி கொண்டுவருபவனாகவும் அல்ல.
இருபது வருடம் மேடை கண்ட டெஸ்மண்ட் ஒகாஃபோர்
ஒரே காலையில் பதினேழு தடவை நுழைந்தார்.
பதினேழிலும் யாரோ ஒருவராகவே வந்தார்.
பதினெட்டாவது தடவை கதவு திறக்கவில்லை.
படியில் உட்கார்ந்திருந்தார் என்கிறது
வருகைப் பதிவேடு, பென்சிலில்.

அதே பதிவேட்டில் எண்பத்தொன்பதாம் வருடம்
ஆறு மாத இடைவெளியில் இறந்துபோன இருவர்.
பெயருக்கு நேரே, வேறு வேறு கையெழுத்தில்,
‘ஓய்வில்’.

நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொன்று.
தொலைக்காட்சியில் அதற்குள் ஒன்பது முறை
டாக்டர் ஆகியிருந்தேன்,
ஒன்பதிலும் பெயர் பட்டேல்.
‘பரிசோதனை முடிவு வந்துவிட்டது’ என்பதை
ஒன்பது விதமாகச் சொல்லத் தெரியும்.
கதவைத் திறந்தேன்.
‘யாருக்கு என்ன நோய்?’ என்றார் மோரீன்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
பேருந்தில் போகும்போதுதான் கோபம் வந்தது.

ஆறாவது வாரம் தாமதம்.
பை கிழிந்து வெங்காயம் உருள
அதைத் துரத்திக்கொண்டு நுழைந்தேன்.
‘ஆ, அது!’ என்றார்கள்.
அடுத்த வாரம் அதையே செய்து பார்த்தேன்.
வெங்காயம்கூட நடித்தது.

‘உங்கள் புகழ்பெற்ற முன்னாள் உறுப்பினர்கள்?’
ஒருவர் இருக்கிறார், பேருந்துகளின் முதுகில் முகம் வரும்.
பெயரைப் போடலாமா என்று கேட்டு எழுதினோம்.
அவருடைய செயலாளர் நலம் விசாரித்தார்.

பிறகு கிடங்கை விற்றார்கள்.
நாங்கள் கம்பளம் விரித்திராத தரைக்கு
இப்போது சதுர அடிக்கு என்ன விலையோ.
லெவன்ஷுல்மில் ஒரு தேவாலயக் கூடம் கிடைத்தது.
கண்ணாடிக் கதவு, ஆள் நெருங்கினால் தானே விலகும்.
அதில் யாரும் நுழைய முடியவில்லை,
அனுமதிக்கப்பட மட்டுமே முடிந்தது.

ரிஸ் பென்ட்ரி திருப்புளியோடு போய்
பழைய கதவை நிலையோடு கழற்றினான்.
பேருந்து ஏற்ற மறுத்தது.
நான்கு பேர் மூன்று மைல் தூக்கி நடந்தோம், மழையில்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரு சிறுவன் மட்டும் தட்டிவிட்டு
பதிலுக்குக் காத்திருந்தான்.

கூடத்தின் நடுவே நிறுத்தினோம்.
கூத்தில் இருவர் பிடிக்கும் திரைக்குக் கீழே
கால்கள் மட்டும் தெரியுமே,
இன்னும் யாரும் ஆகாத கால்கள்,
எனக்கு அப்படித்தான் இருந்தது.
ரிஸ்ஸுக்கு அது ஒரு கதவு.

சொத்து விவரம்: கதவு, ஒன்று. பச்சை.
சுவர் இல்லை.

போன மாதம் மோரீன் வந்தார்,
இடுப்பு அறுவைக்குப் பிறகு முதல் தடவை, ஊன்றுகோலோடு.
கதவின் முன்னால் நின்றார். மூச்சடக்கி இருந்தோம்.
கைப்பிடியைப் பார்த்தார்.
அப்புறம் கதவைச் சுற்றிக்கொண்டு வந்து
நாற்காலியில் உட்கார்ந்தார்.
‘ஈரக் குடையை எங்கே வைப்பது?’ என்றார்.

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?