இரண்டு கட்டை கீழே

கொளத்தூரில் சின்ன மண்டபம், பந்திக்குத் தனிக் கூடம் கிடையாது.
மேடையில் ரிசப்ஷன், கீழே இலை.
ஒன்பதே காலுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா
துண்டுச்சீட்டு அனுப்புகிறார்: அந்த மழைப் பாட்டு.
பிலோமினா அக்கா அதைப் படித்து, மடித்து,
கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொண்டு
சாதிக்கிடம் இரண்டு விரல் காட்டுகிறார், தரையைப் பார்த்து.
சாதிக் ஒரு பொத்தானை நாலு தடவை அமுக்குகிறான்.
பாட்டு இரண்டு கட்டை இறங்குகிறது.
மழையும் கூடவே இறங்கி
மின்விசிறி உயரத்துக்கு வருகிறது.

அசலில் நாற்பது வயலின் என்பார்கள்.
எங்களிடம் சாதிக்.
அவன் கீபோர்டில் வலக்கோடியில் ஒரு வெள்ளைக் கட்டை
அமுக்கினால் எழுந்திருக்காது.
இடையிசையில் அதை மட்டும் தாண்டிக் குதிப்பான்.
ஆறு வருஷமாய் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.
இப்போதெல்லாம் டீக்கடையில் அசல் ஓடினால்
அந்த இடத்தில் ஒரு ஸ்வரம் கூடுதலாக இருக்கிறது,
பத்திரிகை வைக்காமல் வந்தவர் மாதிரி.

அசலைப் பாடியவரைக் குறை சொல்லவில்லை.
எனக்கென்ன யோக்யதை.
ஆனால் யோசித்துப் பார்த்தால்
காலை பத்துக்கு அவர் கையில் தாளைக் கொடுத்திருப்பார்கள்,
ஒரு மணிக்கு வேறு ஸ்டூடியோவுக்குக் கிளம்பியிருப்பார்.
அந்தப் பாட்டோடு அவர் பழகியது மூன்று மணி நேரம்.
அக்கா இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறார்.
ராயபுரத்தில் ரேஷன் வரிசையில் அது கூட நின்றிருக்கிறது.
ஸ்டான்லியில் அவர் வீட்டுக்காரர் கிடந்த பதினோரு நாளும்
வராந்தாவில் படுத்திருக்கிறது.
சரணத்தில் திரும்பி வரச் சொல்லி ஒரு இடம்.
அசலில் அது கெஞ்சல்.
இவர் பாடினால்
கரண்ட் பில் கட்டிவிட்டு வா என்பது போல இருக்கும்.
அதுதான் தாங்க முடியாது.

போன வருஷம் அம்பத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான்.
ரெக்கார்டில் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினான்,
சிரிக்கும் இடத்தில் அதே சிரிப்பு.
நன்றாகக் கைதட்டினோம்.
அவன் குரல் எப்படி இருக்கும் என்று
எனக்கு இன்னும் தெரியாது.

ஓட்டேரியில் ஒரு சாவு. பேண்டு செட்டு.
ஊரே ஆடித் தீர்த்த குத்துப்பாட்டு ஒன்றைக்
கிளாரினெட்காரர் பாதி வேகத்தில் எடுத்தார்.
மூன்றாவது வரியில்தான் எந்தப் பாட்டென்று பிடிபட்டது.
இவ்வளவு அழுகையையா உள்ளே வைத்துக்கொண்டு
இத்தனை நாள் ஆடியது அது?
மெட்டுப் போட்டவருக்கே தெரிந்திருக்காது.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கவில்லை.

சரி, இங்கே இரண்டாம் சரணம், கடைசி வரி.
அசலில் குரல் அங்கே கிளம்பி
மேலேயே நின்று எல்லோரையும் அண்ணாந்து பார்க்க வைக்கும்.
அக்கா அந்த இடத்துக்கு வந்தார். ஏறவில்லை.
மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து
பக்கத்து நாற்காலிக்குச் சொல்வது போலச் சொன்னார்.
நான் எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை.
ரசம் ஊற்ற வந்தவன் வாளியோடு நின்றுவிட்டான்.
மணப்பெண், போட்டோகிராபர் காட்டிய பக்கம் விட்டு
இந்தப் பக்கம் திரும்பினாள்.
வயசு ஐம்பத்திரண்டு, குரல் இனி அங்கே எட்டாது,
எட்டாததையே அழகாக்கிவிட்டார் என்று
நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

பதினொன்றரை. ஸ்பீக்கர்கள் டாடா ஏஸில் ஏறியாகிவிட்டது.
வாட்ச்மேன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறார்.
அக்கா ஒரு காலில் செருப்போடு இன்னொன்றைத் தேடுகிறார்.
தேடிக்கொண்டே அதே வரி, அசல் சுருதியில்.
அந்த இடம் வருகிறது.
ஏறுகிறார், துணி காயப்போட மாடிக்குப் போவது போல,
உச்சியில் நிற்கிறார், ஒரு நடுக்கம் இல்லை,
அங்கிருந்தபடியே குனிந்து
நாற்காலிக்கு அடியிலிருந்து செருப்பை இழுக்கிறார்.

"அக்கா, அப்போ மேடையில ஏன்..."

"சாப்பிடுற நேரத்துல யாராச்சும் கத்துவாங்களாடா?
வயரைச் சுத்து. மழை வர மாதிரி இருக்கு."