அறுபத்தொரு கிலோ

நறுமுகை பள்ளிக்குப் போன பிறகு
சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிடும்.
ஒரு ஓரத்தில் மிச்ச இட்லி ஆறிக்கொண்டிருக்க
மறு ஓரத்தில்
வாத்து போட்ட ஃபிளானல் துணியை
நான்காய் மடித்துக் கத்தரிப்பேன்.

செங்காங், பதினோராம் மாடி.
கீழ்வீட்டு மேடம் இயோவுக்குச் சத்தம் ஆகாது.
தையல் இயந்திரத்தின் காலடியில் பழைய யோகா விரிப்பு.
அதுவும் போதாமல்
அவர் பேரனுக்கு மூன்று டயப்பர் இலவசம்.

கணக்கு நோட்டில்:
ஒன்று பதினெட்டு வெள்ளி.
துணி, எலாஸ்டிக், பொத்தான், அஞ்சல் உறை போக
ஏழு வெள்ளி எழுபது காசு.
என் முதுகுக்கு விலை போடவில்லை.
போட்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

விருந்துகளில் யாராவது கேட்டால்
'தையல்' என்பார் கணவர்.
'என்ன தையல்?' என்றால்
சாம்பார் வாளியைத் தேடுவார்.

புகைமூட்டம் இறங்கிய ஒரு புதன்கிழமை
கைபேசியில் செய்தி.
'பெரிய அளவு கிடைக்குமா?'
எத்தனை மாதக் குழந்தை என்று கேட்டேன்.
நீலக் குறி விழுந்தது.
எழுதுகிறார், நிறுத்துகிறார்,
மறுபடி எழுதுகிறார்.
கடைசியில் வந்தது ஓர் எண்:
அறுபத்தொரு கிலோ.

பெயர் ரோஸ்னா.
அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
கடையில் வாங்கியது
தொடை மடிப்பில் தோலை அரித்துவிட்டதாம்.
'அவர் எதையும் சொல்லமாட்டார்.
உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்வார்.
அதில்தான் தெரிந்தது.'

அட்டை அச்சுகளையெல்லாம் தரையில் பரப்பினேன்.
மூன்று கிலோவிலிருந்து பதினாறு வரை.
பதினாறுக்கு அப்பால்
என் கத்தரிக்கோலுக்கு வழி தெரியாது.
பெரிதாக வரைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.
போதாது.
குழந்தை உதைத்து உதைத்துத்
தானே சரிசெய்துகொள்ளும்.
மணிக்கணக்காய் நாற்காலியில் இருப்பவருக்குத்
தையல் எங்கே அழுத்தும், எலும்பு எங்கே முட்டும்
என்று யூடியூப்பில் யாரும் சொல்லவில்லை.

இரவு பதினொன்றரை.
கணவரைக் கூடத்து நடுவில் நிறுத்தி
கால்சட்டைக்கு மேலேயே கட்டிப் பார்த்தேன்.
விமான நிலையச் சோதனைபோல
கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.
தண்ணீர் குடிக்க எழுந்த நறுமுகை
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
'இங்க இழுக்குது' என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
'உட்கார்ந்து பார்க்கட்டுமா?'
உட்கார்ந்தார்.
ஒரு பக்கமாகச் சாய்ந்தும் பார்த்தார்.

துணி அடுத்த வழக்கு.
வீட்டில் இருப்பதெல்லாம் வாத்து, ராக்கெட், தர்ப்பூசணி.
பீப்பிள்ஸ் பார்க்கில் ஏறி இறங்கி
கருநீலம் கேட்டேன், பூ இல்லாமல், கோடு இல்லாமல்.
'சீருடைக்கா?' என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.

பொத்தான் அடிக்கும்போது கை நின்றது.
குழந்தைக்கென்றால் சுருக்கி வைத்து அடிப்பேன்,
மாதம் ஏற ஏற
ஒவ்வொரு வரிசையாய்த் தளர்த்திக்கொள்ள.
இவருக்கு எந்தப் பக்கம்?
ரோஸ்னாவிடம் கேட்க வாய் வரவில்லை.
வெளியே இரண்டு வரிசை, உள்ளே ஐந்து.
டக். டக். டக்.
கீழ்வீட்டில் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்கள்.

விலை கேட்டாள்.
முப்பது என்று தட்டி, அழித்து,
இருபத்தாறு என்று அனுப்பினேன்.
அன்று முழுவதும் அந்த நான்கு வெள்ளி
மனசை அரித்தது, இரண்டு பக்கமும்.

ஜனவரி மழையில் ஒரு படம் வந்தது.
படுக்கையறைக் கம்பியில் கருநீலமாய் ஆறு,
பக்கத்தில் அவளுடைய அலுவலகச் சட்டை.
'காய மூன்று நாள் ஆகுது அக்கா.
நேராக உட்காருகிறார்.
உள்ளே இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டோம்.'

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்,
தெரிந்த எண்ணைத்தான்.

மிளகாய்த்தூள் தீர்ந்திருந்தது. கீழே இறங்கினேன்.
பத்தாம் மாடியில் மின்தூக்கி திறந்து
மேடம் இயோ, தள்ளுவண்டி, பேரன்,
ராக்கெட் போட்டவன்.
'டைட்டா இருக்கு' என்று வயிற்றைக் காட்டினார்.
ஏழு, ஆறு, ஐந்து என்று எண்கள் இறங்க
குனிந்து
ஒரு பொத்தானைத் தளர்த்தினேன்.