பூச்சியத்துக்குக் கீழே

என்.சி. ரோட்டில் போன் திருத்துகிற கடை.
பகலெல்லாம் மற்றவர்களின் உடைந்த கண்ணாடி.
இரவில் இது:

மேசைவிசிறியின் வயிற்றிலிருந்து உருவிய செப்புக்கம்பி,
பெயின்ற் வாளி மூடியில் இருபத்தாறு சுற்று.
விரலளவு மைக்ரோகொன்ட்ரோலர்,
கொழும்பிலிருந்து தபாலில், ஆயிரத்து அறுநூறு ரூபா.
கைபிடிக்கு பிவிசி குழாய்.
பற்றரி என் ஸ்கூட்டியினது.

சுருளுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிச்
சட்டென்று அறுப்பேன்.
அது அடங்க எடுக்கும் நேரத்தைச் சில்லு எண்ணும்,
மைக்ரோ நொடி மைக்ரோ நொடியாக.
கீழே இரும்பிருந்தால்
அடங்கச் சற்றுப் பிந்தும்.
அந்தப் பிந்தலுக்குத்தான்
கண்டுபிடித்தல் என்று பெயர்.

தேடி வந்தவர் சம்பூர் கமலேந்திரன்.
காணி திரும்பக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.
புல்டோசர் எல்லாவற்றையும்
ஒரே உயரமாக்கிவிட்டுப் போயிருந்தது.
"குழாய்க்கிணறு ஒண்டு இருந்தது தங்கச்சி.
புதுசா அடிக்க லட்சக்கணக்கில கேக்கிறாங்கள்."
எங்கே என்பதில்தான்
அவரும் மனைவி புஸ்பகாந்தியும் ஒத்துப்போகவில்லை.
வேம்புக்கு மேற்கே என்றார் அவர். வேம்பு இல்லை.
குசினிக்குப் பின்னால் என்றாள் அவள்.
குசினியும் இல்லை.

கிண்ணியாப் பாலத்தடியில் பஸ் நின்றது.
சாக்குக்குள் என்ன என்றான் காவலில் நின்றவன்.
"ஃபான்" என்றேன்.
பாதி உண்மை.
புதையல்காரி என்று நினைத்தானென்றால்
பொலிசில் ஒரு நாள் போகும்.

கண்ணிவெடி எடுப்பவர்கள் முன்பே வந்துபோயிருந்தார்கள்.
ஒரு சாண் ஆழத்துக்கு மண் சுத்தம்.
ஆணி, கீல், கரண்டி,
அவர்களுடைய காதுக்கு எல்லாம் வெடிதான்.

காணிக்குள் வந்த களைப்பில்
நின்ற இடத்திலேயே ஆளியை அழுத்தினேன்.
முதல் மூன்று நொடி அசையக்கூடாது.
அதற்குள் அது கீழே உள்ளதைப் படித்து
இதுதான் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளும்.

ஓர் அடி வைத்தேன். அலறியது.
இன்னோர் அடி. அலறியது.
வேலியோரம், நடுக்காணி, பாலைக்கன்றடி,
பிள்ளைக்குப் பசி வந்தாற்போல் ஒரே அலறல்.
"முழுக்க இரும்போ?" என்றாள் புஸ்பகாந்தி.
உப்புக்காற்று என்றேன். பற்றரி என்றேன்.
புல்மோட்டைக் கறுப்புமணல்
இங்கேயும் வந்திருக்கலாம் என்றேன்.
தெரியாதபோது நான் நிறையக் காரணம் சொல்வேன்.

கமலேந்திரன் சாரத்தை மடித்துக் கட்டி
மூன்று இடத்தில் வெட்டினார்.
வேர்.
வேர்.
ஒரு நத்தை ஓடு.

வெயிலுக்குத் துவாயால் லப்டொப்பை மூடி
உள்ளே தலையை விட்டு எண்களைப் பார்த்தேன்.
65533
65531
65533

சிரித்துவிட்டேன்.
மறை எண் கொள்ளாத பெட்டிக்குள்
கழித்த விடையைப் போட்டிருக்கிறேன்.
பூச்சியத்தில் மூன்றைக் கழித்தால்
கீழே இறங்க அதற்குப் படி இல்லை,
சுற்றிக்கொண்டு உச்சியில் போய் ஏறும்.
(பிறகு திருத்தினேன். ஒரு சொல்தான்.)
இவ்வளவு நேரமும் அது கத்தியது
இருக்கிறது என்றல்ல.
இங்கே குறைவு, இங்கேயும் குறைவு என்று.

எதைவிட?

ஆளியை அழுத்திய இடத்தில்
என் செருப்புத்தடம் அப்படியே கிடந்தது.
அந்தக் காணி முழுவதிலும்
அங்கே மட்டும்தான் அது வாய் திறக்கவில்லை.

ஒரு முழத்தில் மண்வெட்டி ணங் என்றது.
குழாய் வாயில் கவிழ்த்த பால்மாப் பேணி,
அதைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்.
"கட்டினது நான்தான்" என்றாள் புஸ்பகாந்தி.
எழும்பி, குழாயிலிருந்து எட்டி எட்டி வைத்து நடந்து,
வெறும் புல்லில் ஓரிடத்தில்
நிலைப்படிக்குக் குனிவதுபோல் குனிந்து
உள்ளே போனாள்.

கமலேந்திரன் ஒன்றும் சொல்லாமல்
கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார்.
நனைந்து வந்தது.
எத்தனை அடியில் தண்ணீர் என்பதில்
மறுபடியும் இரண்டு பேருக்கும்
ஒத்துப்போகவில்லை.