சைலன்சர்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
என் நாலுசக்கர வண்டிக்கு
மணியோசை இரண்டு மைல் முன்னே வரும்.

"மூஸ் மானுக்குக் காது எவ்வளவு நீளம், தெரியுமா உனக்கு?"
ஒன்பது அக்டோபர்களாக இதே கேள்வி.
கேட்பவன் என் தம்பி ரெயால்.
இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஓர் அனுமதிச்சீட்டு.
ஒன்பது சீட்டும்
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்
இயற்கை மரணம் எய்தின.
"உன் வண்டிதான் விரட்டுது, ஜினெட்."

சரி என்று இந்தச் செப்டம்பரில்
பள்ளிப் பேருந்துப் பட்டறையில், வேலை முடிந்த பிறகு,
நசுக்கப் போகவிருந்த ஒரு டொயோட்டாவின்
வயிற்றுக்கடியில் படுத்தேன்.
கண்ணெல்லாம் துரு.
சைலன்சரைக் கழற்றி மடியில் கிடத்தினால்
கைக்குழந்தையின் கனம்.
குலுக்கிப் பார்த்தேன். உள்ளே எதுவும் உருளவில்லை.
சமத்து.

முதல் முறை குழாயை நேராக நீட்டிப் பற்றவைத்தேன்.
பத்தே நிமிடம்;
பின்சக்கரத்தின் மேலிருந்த பிளாஸ்டிக்
பாலாடைபோலத் தொங்கிவிட்டது.
இரண்டாம் முறை வளைவு கூடிப்போனது.
மேட்டில் ஏறுகையில் என்ஜின்
வாய்பொத்தப்பட்டவன்போல் திமிறி அணைந்தது.
நடுவில் ஓர் இரவு காய்ச்சல்:
வளையத்தின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுக்காமல்
நெருப்பு வைத்த புத்திக்குக் கிடைத்த கூலி.

மூன்றாம் முறை அகலக் குழாய். ஒரே வளைவு.
பட்டாணி சூப் டப்பா இரண்டைப் பிளந்து
வெப்பம் தடுக்கக் கவசம்.
வேர்த்த நீர் வடிய அடியில் சின்னதாய் ஒரு துளை,
இல்லாவிட்டால் ஜனவரியில் உள்ளேயே உறைந்துவிடும்.
ஏலியாஸ் சுதர்லண்ட் டயர் கழற்றுவதை நிறுத்திவிட்டு
நெடுநேரம் பார்த்தார்.
"பன்றிக்குப் பிரசவம் எப்போது?" என்றார்.

சாவியைத் திருப்பினேன்.
ஓடுகிறதா என்று
கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் பெரிய சத்தம் போனதும்
சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாய்
கடன்காரர்கள்போல வாசலுக்கு வந்தன.
சாமான் தட்டின் லொடலொட.
பின் பேரிங்கின் சிணுங்கல்.
அப்புறம் என் இடது காதில் ஒரு விசில்,
வண்டியை அணைத்தாலும் அணையாதது.
இருபத்தாறு வருஷப் பட்டறை
எனக்கு முன்கூட்டியே தந்த ஓய்வூதியம்.

முதல் சனிக்கிழமை.
ஹெர்ஸ்டுக்கு மேற்கே, பழைய மரம்வெட்டிப் பாதை.
பாசிமேல் உறைபனி, இருட்டு பாதி விலகியிருந்தது.
ரெயால் நாலு மணிக்கே பரணேறியிருப்பான்.
நான் போகப்போக
யாரோ ரம்பம் இழுக்கும் ஓசை.
இந்த நேரத்தில் யார் மரம் அறுக்கிறார்கள்?

வளைவில் நிறுத்தினேன்.

பரண்மேல் ரெயால்,
வாய் பிளந்து, தொப்பி மூக்கில்,
ஸ்ப்ரூஸ் மரமே அதிரக் குறட்டை.
கீழே இருபது அடியில்
கட்டில் அகலக் கொம்போடு ஒரு காளை
வில்லோ இலையை மென்றுகொண்டு.
ஒவ்வொரு குறட்டைக்கும்
ஒரே ஒரு காதைத் திருப்பும்.
பிறகு அடுத்த கொப்பு.
பழகிய வீட்டு விருந்தாளி.

ஒன்பது வருஷம்
அவனை எழுப்பியது என் வண்டிதான்.
எழுந்தவன் பார்த்ததெல்லாம் ஓடும் பின்புறம்.
அவன் சொன்னது பொய்யில்லை.
பின்பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறான்.

சட்டப்படி என் துப்பாக்கி உறைக்குள்.
உறைக்கு ஜிப்.
இந்த அமைதியில் அந்த ஜிப்
ஒரு ரயில்.

விரலை அதன்மேல் வைத்தபடி இருந்தேன்.
ஆறிக்கொண்டிருந்த குழாய்
டிங் என்றது.
காளை தலையைத் தூக்கி
என்னை அல்ல,
சூப் டப்பாவைப் பார்த்தது.
அதிலிருந்த பட்டாணிப் படம்கூடக் கருகியிருக்கவில்லை.
பிறகு ஓடாமல், நடந்து,
சதுப்புக்குள் போனது.

மேலே குறட்டை அறுந்தது.
"எப்ப வந்தே? சத்தமே கேக்கலையே!"
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
கண்ணை இடுக்கிக் காட்டைத் துழாவினான்.
"ஏதாவது கண்ணில் பட்டதா?"

"பின் பேரிங் மாத்தணும்" என்றேன்.