மூன்று மணிக் காற்று

புத்தகத்தில் ஓசோன் ஒரு குடை.
ஒன்பதாம் வகுப்பு முழுக்க அதை வரைந்திருந்தது.
ஸீனத் பர்வீன் மட்டும் கைப்பிடியும் வைத்து.

அந்தக் குடை தரைக்கு வந்தால் என்னாகும் என்றேன்.
"மிதிபடும் மிஸ்" என்றான் நம்புகுமார்.
சிரித்து முடித்ததும் அவனுக்கு இருமல்.

மூன்று பேரை எழுப்பி நிறுத்தினேன்.
இரண்டு பேர் கைகோத்தால் மூச்சு.
டீசல் புகையிலிருந்து வெயில் பிய்த்தெடுத்த ஒற்றை ஆள்
ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கம் ஒட்டிக்கொள்கிறவன் மாதிரி
அந்த ஜோடியில் தொற்றிக்கொண்டால்
அதுதான் இது.
ரொம்ப நேரம் தொங்க மாட்டான்.
இறங்கும்போது எதையாவது கிழித்துவிட்டுத்தான் இறங்குவான்,
சைக்கிள் டயரை, இலையை,
நெஞ்சுக்குள் இருக்கும் ஈரத் தோலை.

சத்துணவு அடுப்பில் மக்காச்சோள மாவு காய்ச்சி
பொட்டாசியம் அயோடைடு கலக்கி
வடிதாளில் தடவி, இருட்டில் காயவைத்து நறுக்கினோம்.
வாலிநோக்கம் முக்கில், லாரிகள் திரும்பும் இடத்தில் ஒன்று.
சீமைக்கருவேலம் வேகிற கரிமூட்டத்துப் பக்கம் ஒன்று.
மிஞ்சியதை
உப்பளம் தாண்டி, ஆளில்லாத மணல்மேட்டில்
ஓர் உடைமரத்தில் கட்டச் சொன்னேன்,
சுத்தமான காற்றுக்கும் ஒரு சாட்சி இருக்கட்டுமென்று.

நாலரைக்குத் தாள்கள் திரும்பின.
தண்ணீர் தொட்டோம்.
முக்குத் தாள் கஞ்சி வெள்ளை.
கரிமூட்டத்துத் தாளில் யாருடையதோ கரி விரல்ரேகை,
அவ்வளவுதான்.
மணல்மேட்டுத் தாள்
நாவற்பழம் தின்ற நாக்கு.

"மாத்திக் கட்டிட்டியா?"
கார்மேகவள்ளி சத்தியமெல்லாம் செய்யவில்லை.
செருப்பைத் தட்டி மணலைக் காட்டினாள்.

அன்றிரவு தேடிப் படித்ததை
மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டேன்:
புகை பிறக்கும் இடத்தில் புகையே அதைத் தின்றுவிடும்.
காலையில் கரைக்காற்று கடலுக்குத் தள்ளியது
வெயிலில் நிதானமாக வெந்து
மதியம் கடற்காற்றோடு திரும்பிவரும்,
வேறு உருவில், நிறமில்லாமல்.
கடலோர ஈரமும் தாளைக் கறுக்க வைத்திருக்கலாம்,
அதையும் எழுதுங்கள் என்றேன்.
எழுதினார்கள். ஈரம், கேள்விக்குறி.

"அப்ப தூத்துக்குடி லாரிக்கு
நம்ம இருமணும்" என்றாள் வள்ளி.
"நம்ம போட்டுப் புகைக்கு வேற எவனோ."
நம்புகுமார்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

மூன்று பத்துக்கு விளையாட்டுப் பாடவேளை.
கபடியில் பாடிப்போனவன்
பாதியில் மூச்சு விட்டுவிடுவதை
'பயிற்சி போதாது' என்று எழுதி வைத்திருந்தார் பி.இ.டி. சார்.

காலைக்கு மாற்றக் கேட்டு மனு எழுதினோம்.
தலைமையாசிரியர் படித்தார்.
சன்னலுக்கு வெளியே பார்த்தார்.
வானம் துடைத்து வைத்த நீலம். கடல் அதைவிட.
"எங்கம்மா இருக்கு புகை?"

மனுவோடு குண்டூசி குத்தியிருந்த தாளை
ஸீனத் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.
அந்த அறைக்கு வந்த பிறகும்
அது கொஞ்சம் கறுத்திருந்தது.