பெல்பாட்டம், பஹாவ்

செம்பனைக் குலை லாரி ஓட்டும் கை.
ஊசிக்காதில் நூல் கோக்க
முக்கால் மணி நேரம்.

ஸ்டூடியோ கண்ணாடிக்குள் மங்கிய ஒரு போட்டோ:
ஆள் யாரென்று தெரியாது,
கால்சட்டையைத்தான் பார்த்தேன்.

உரப்பையைப் பிரித்து மாதிரி வெட்டினேன்.
தொடையில் ஒட்டி, முட்டிக்குக் கீழே
மணிபோல் விரியவேண்டும்.
இடக்கால் விரிந்தது.
வலக்கால் ஏனோ யோசித்தது.
பிரித்தேன். தைத்தேன். பிரித்தேன்.

பக்கத்து வீட்டுக் கமலவேணி, வேலிக்கு மேலே:
"கல்யாணமா, தவசீலன்?"
இல்லை. சும்மா.

ஞாயிறு பசாருக்குப் போட்டுக்கொண்டு போனேன்.
மூடி கழன்ற மோட்டார் சங்கிலி
இடக்கால் ஓரத்தைத் தின்றது,
மூன்று அங்குலம்.

கிரீஸ் கறையோடு
மீன்கடை முன்னால் குனிந்து சாண் போட்டேன்.
இரண்டு காலும் ஒரே அகலம்.

"கெம்போங் ஒரு கிலோ போடவா?"
என்கிறார் மீன்காரர்.