மான்கறிக்கு அடியில்

மைனாட் நகரில் ஜனவரி.
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்து உட்கார்ந்தாள்
விசாரணை அதிகாரி வெட்ச்.
பெருவிரல் பக்கம் தையல் விட்டிருந்தது.
அதைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் குறைந்தது எனக்கு.

வெளிநாட்டுக்காரர் யாரையாவது தெரியுமா?
கனடாவில் ஒரு பல்மருத்துவர், அவ்வளவுதான்.
போதை? குடி? கைது?
இல்லை. இல்லை.
பதினேழு வயதில் ஒரு வேலியை இடித்ததற்கு அபராதம்.
பக்கத்தைப் புரட்டினாள்.
கடன்?

எண்ணெய் வயலில் காசு கொட்டிய வருடம்
ஆர்லன் வாங்கிய சிவப்பு பிக்கப் வண்டி.
எண்ணெய் விலை விழுந்த வருடம்
விடிகாலை நாலு மணிக்குக் கொக்கி மாட்டி
இழுத்துப் போனார்கள்.
ஏலத்தில் வந்தது போக மீதி
பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு டாலர்.
வண்டி போய் ஆறு வருடம்.
வட்டி மட்டும் இன்னும் ஓடுகிறது,
பெட்ரோல் கேட்காமல்.

நான் கேட்கும் வேலை ஒன்றும் பெரிதல்ல.
கோதுமை வயலுக்கு அடியில்
முளைக்கவே கூடாதென்று நட்டுவைத்திருப்பதை
நான் பார்க்கப்போவதில்லை.
வேலிக்கதவுப் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டு
சாவிகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
அதற்கும் வேண்டும் பாதுகாப்பு அனுமதி.
இவளை எவ்வளவுக்கு வாங்கலாம் என்று
படிவத்தில் எங்கும் எழுதியில்லை.
இருந்தாலும் என் விலையை
வசூல் கம்பெனி மாதாமாதம் அச்சடித்து
சில்லறை வரை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

"கணவருக்குத் தெரியுமா?"

கணக்கு தீர்ந்தது என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.
அந்த வருடம் அவன் ஸ்பூனைப் பிடித்தபடி
ஆறிப்போன சூப்பின் முன்னால்
மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான்.
வேறென்ன சொல்ல?
கடிதங்கள் உறைபெட்டியில்,
மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில்,
'கல்லீரல்' என்று எழுதி ஒட்டிய பையில்.
ஆர்லன் கல்லீரலைத் தொடமாட்டான்.

ஆறு வருடம்.
ஒரே கூரை, ஒரே கட்டில்.
தூக்கத்தில்கூட உளறியதில்லை.
ரகசியம் காக்கத் தெரியும் என்று
இதைவிடவா ஒருத்தி நிரூபிப்பாள்?

வெட்ச் சிரிக்கவில்லை. கடிந்துகொள்ளவும் இல்லை.
பேனா மூடியைக் கடித்தபடி சொன்னாள்:
"கடன் யாருக்குத்தான் இல்லை, மிஸஸ் ட்வெய்ட்.
தவணை கட்டிக்கொண்டே அனுமதி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.
அந்தப் பை இருப்பது எவனுக்காவது தெரிந்துவிட்டால்
அவன் வாய் திறக்காமலிருக்க
நீங்கள் எதைத் திறந்துவிடுவீர்கள்?
மேலே இருப்பவர்கள் கேட்பது அதைத்தான்."
பிறகு, ஆலோசனை சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்றாள்.
பூட்ஸ் மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

முடிவு வர எட்டு மாதம் ஆகலாம்.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
பையை எடுத்து மேசையில் வைத்தேன்.
உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி
செங்கல் மாதிரி கிடந்தன.
ஆர்லனுக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும்.
அவன் தட்டை நோக்கித் தண்ணீர் மெல்லப் பரவுகிறது.
துடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.